பெடல் நிலத்தைத் தொட்டால்: பழைய காரின் பிறேக்கில் எயார் எடுத்தும் பிடிக்காவிட்டால் என்ன பார்க்க வேண்டும்?

எங்கள் ஊர் ரயில் கடவையில் 24 வருடங்களாக ரயில் வரவில்லை. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் வந்தது. தண்டவாளம் கழற்றப்பட்ட அந்த இடத்தை நாங்கள் சைக்கிளில் நின்று பாராமலே கடந்து வளர்ந்தவர்கள். அதே கடவையில்தான் அப்பாவின் மொறிஸ் மைனர் அன்று நிற்க மறுத்தது. தம்பி ஓட்டினான், அம்மா பின் சீற்றில் இருந்தார். கேற் விழுந்திருந்தது. தம்பி பிறேக்கை மிதித்தான். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் நிலத்தைத் தொட்டது. கைப்பிறேக்கை இழுத்ததால் கேற்றுக்கு ஒரு முழம் இருக்கையில் கார் நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார்.

அந்தக் காரின் பிறேக்கில் நானும் தம்பியும் மூன்று நாட்கள் எயார் எடுத்திருந்தோம். புதிய வீல் சிலிண்டர்கள், புதிய பிறேக் ஒயில், நிப்பிளில் ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு ஏன் இப்படி நடந்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் கற்றுக்கொண்டவைதான் இந்தக் கட்டுரை. கொட்டிலில் வருடக்கணக்காக நின்ற ஒரு மொறிஸ் மைனரையோ, ஒஸ்ரினையோ, ஹில்மனையோ மீண்டும் வீதிக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு இது உதவலாம்.

ஏன் இன்னும் இந்தக் கார்கள்?

மொறிஸ் மைனர் 1948 இல் இலண்டன் கார்க் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி முடியும்போது சுமார் 16 இலட்சம் வாகனங்கள் வெளிவந்திருந்தன. பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது கார் இதுதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் நிலைத்ததற்கு ஆசை மட்டும் காரணமல்ல. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது நின்றது. புதிய வாகனத்துக்கு வழியில்லை. இருந்ததைத்தான் ஓட்ட வேண்டும். சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. அதே 1990களில் தென்னிலங்கையில் ஒரு தொழிற்சாலை மொறிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. எங்கள் கராச்சுகளிலோ பழைய பாகத்தைத் தீட்டி, ஒட்டி, கடைந்து மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு இடம்பெயர்ந்தபோது அப்பா இந்தக் காரைக் கரவெட்டியில் சின்னம்மா வீட்டுப் பனையோலைக் கொட்டிலில் விட்டார். "பாதை திறக்கட்டும், எடுப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. காரை எடுக்க அப்பா இருக்கவில்லை.

பிறேக் எப்படி வேலை செய்கிறது?

பெடலை மிதித்தால் மாஸ்ரர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்ரன் நகர்ந்து ஒயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் பைப் வழியே ஒவ்வொரு சில்லுக்கும் போய், வீல் சிலிண்டரின் பிஸ்ரனை வெளியே தள்ளி, பிறேக் சூவை டிரம்மோடு அழுத்தும். திரவத்தை நெருக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் இது வேலை செய்கிறது. காற்றைச் சுருக்கலாம். பைப்பில் காற்று இருந்தால் உங்கள் காலின் பலம் அந்தக் காற்றை நெருக்குவதிலேயே போய்விடும். அதனால்தான் எயார் எடுக்கிறோம்.

மொறிஸ் மைனரில் நான்கு சில்லுக்கும் டிரம் பிறேக். முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீல் சிலிண்டர், பின்சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது. கால்விரிப்பைத் தூக்கி, சிறிய மூடியைக் கழற்றினால்தான் ஒயில் ஊற்றும் வாய் தெரியும். நான்கு சில்லுக்கும் ஒரே இணைப்பு. ஓரிடத்தில் ஒயில் போனால் நான்கும் போகும். அதற்குப் பிறகு மிஞ்சுவது கம்பியால் இழுபடும் கைப்பிறேக் மட்டுமே. எங்களைக் காப்பாற்றியதும் அதுதான். எனவே பிறேக் வேலை தொடங்கும் முன்னரே கைப்பிறேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

தொடங்கும் முன்

காரை ஜக்கில் மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ஸ்ராண்ட் வையுங்கள், இல்லாவிட்டால் கனமான மரக்கட்டைகளை அடுக்குங்கள். நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் போடுங்கள்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

மாஸ்ரர் சிலிண்டரின் மூடியைத் திறக்கும் முன் அந்த இடத்தை நன்றாகத் துடையுங்கள். அது காலடியில் இருப்பதால் சப்பாத்து மணலெல்லாம் அங்கேதான் சேரும். ஒரு மணல் உள்ளே விழுந்தால் புதிய வோசரைக் கிழிக்க அது போதும்.

நிப்பிள்கள் இறுகியிருந்தால் பலம் போட்டு முறிக்காதீர்கள். துருநீக்கி விட்டு ஒரு இரவு வையுங்கள், நிப்பிளைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள், பிறகு அறுகோண வளைய ஸ்பனரால் கொஞ்சம் முன்னும் பின்னுமாக அசையுங்கள். இவை அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பனர் சரியாகப் பொருந்தாவிட்டால் மூலை மழுங்கிவிடும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பிறேக் பாகங்களை மண்ணெண்ணெயாலோ பெற்றோலாலோ கழுவாதீர்கள். தடைக்காலத்தில் எதையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழகிய கைகள் நம்முடையவை. ஆனால் பிறேக் வோசர்களின் றப்பருக்கு கனிம எண்ணெய் விஷம். பட்டவுடன் ஒன்றும் தெரியாது. சில நாட்களில் வோசர் ஊதி, மென்மையாகி, சிலிண்டருக்குள் சிக்கிவிடும். என்ஜின் ஒயிலும் கிறீசும் அப்படித்தான். உட்பாகங்களை மெதிலேற்றட் ஸ்பிரிற்றாலோ சுத்தமான பிறேக் ஒயிலாலோ மட்டும் கழுவுங்கள்.

எந்த ஒயில்?

"பிறேக் ஒயில்" என்று நாங்கள் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. கடைகளில் கிடைக்கும் டொட் 3, டொட் 4 இரண்டும் கிளைக்கோல் வகை. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 கொதிக்க ஆகக் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 பாகை. டொட் 4 க்கு இவை 230, 155. ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே நெருங்கும், பெடல் கீழே போகும். சிலிண்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்க வைப்பதும் அந்த ஈரம்தான்.

ஆகவே திறந்து பல மாதம் நின்ற போத்தலைப் பாவிக்காதீர்கள். நிப்பிள் வழியே வந்த ஒயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். டொட் 5 என்பது சிலிக்கன் வகை. அதை மற்றவற்றோடு கலக்கக்கூடாது. டொட் 5.1 என்பது கிளைக்கோல் வகை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். கிளைக்கோல் ஒயில் பெயின்ற்றில் பட்டால் உரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எயார் எடுக்கும் முறை

இரண்டு பேர் வேண்டும். மாஸ்ரர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான சில்லிலிருந்து தொடங்க வேண்டும். வலப்பக்கச் சுக்கானுள்ள மைனரில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற ஒழுங்கு பொருந்தும்.

தொடங்கும் முன், எல்லாச் சில்லுகளின் அட்ஜஸ்ரர்களையும் சில்லு சுற்றாமல் பிடிக்கும்வரை இறுக்குங்கள். இதைப் பலர் செய்வதில்லை. சூக்கள் டிரம்மோடு ஒட்டி நின்றால் வீல் சிலிண்டரின் பிஸ்ரன்கள் உள்ளேயே இருக்கும். காற்று தங்க இடம் குறையும், மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அதிக ஒயில் நிப்பிளுக்கு வரும்.

நிப்பிளில் தெளிவான றப்பர் குழாயைப் பூட்டி, மறுமுனையை கொஞ்சம் பிறேக் ஒயில் உள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை ஒரே சீராக மிதிக்க, மற்றவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க வேண்டும். பெடல் கீழே போனதும் நிப்பிளைப் பூட்டியபிறகே காலை எடுக்க வேண்டும். மாறிச் செய்தால் காற்று உள்ளே இழுபடும். "மிதி", "பிடி", "விடு" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள். பெடல் மேலே வந்தபின் இரண்டு மூன்று செக்கன் பொறுங்கள். சிலிண்டர் மீண்டும் நிரம்ப நேரம் வேண்டும்.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டரில் ஒயில் கொள்ளும் இடம் சிறியது. சில மிதிகளுக்கு ஒரு தடவை பார்த்து ஊற்றுங்கள். அது வற்றினால் மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று. பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். பெடல் முழுதாக நிலம்வரை போகக்கூடாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். எங்கள் கதையின் மூலமே அந்த மரத்துண்டு இல்லாததுதான்.

இன்னும் பிடிக்கவில்லை என்றால்

எங்கள் ஊரில் பழைய கார்களோடு வாழ்நாளைக் கழித்த ஒரு மெக்கானிக் ஐயா இருக்கிறார். கடவைச் சம்பவத்துக்குப் பிறகு அவரிடம் போனோம். போத்தலையும் குழாயையும் அவர் தொடவே இல்லை. சாரதி சீற்றில் இருந்து பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தார். "தம்பியவை, எயார் எயார் எண்டு ஒயிலை ஊத்திக்கொண்டிருந்தா வேலை முடியாது. பெடல் என்ன சொல்லுது எண்டு முதல் கேளுங்கோ" என்றார்.

பெடல் சொல்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பெடல் ஸ்பொஞ்சு போல அமுங்குகிறது

இது காற்றின் அடையாளம். எயார் எடுத்தும் மாறவில்லை என்றால் காற்று எங்கோ உயரமான இடத்தில் தங்கியிருக்கிறது. பைப் மேலே வளைந்து இறங்கும் இடங்களையும் இணைப்புகளையும் பாருங்கள். பிறேக் வெளிச்சத்துக்கான சுவிச் இந்தக் கார்களில் ஒயில் அழுத்தத்தால் வேலை செய்வது. அதைச் சுற்றியும் காற்று நிற்கலாம், ஒயிலும் கசியலாம். வீல் சிலிண்டர் மாற்றியபோது இடம் வலம் மாறிப் பூட்டுப்பட்டு, நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்திருந்தால் எத்தனை போத்தல் ஊற்றினாலும் மேலே இருக்கும் காற்று வராது. பின் அச்சு உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் நின்றால் காற்றுத் தங்கும் இடம் மாறும். காரை மட்டமாக நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள்.

காற்றே இல்லாமலும் பெடல் துள்ளும். புதிய லைனிங்கின் வளைவு டிரம்மின் வளைவோடு ஒத்துப்போகாவிட்டால் சூவின் நடுப்பகுதியோ நுனியோ மட்டும் படும். மிதிக்கும்போது சூ வளைந்து கொடுக்கும். காலுக்கு அது காற்றுப் போலவே தெரியும். டிரம்மைக் கழற்றி, லைனிங்கில் எங்கே உரசிய அடையாளம் இருக்கிறது என்று பார்த்தால் புரியும். பழைய றப்பர் ஹோஸ் மிதிக்கும்போது ஊதினாலும் இப்படித்தான் இருக்கும். ஒருவர் மிதிக்க மற்றவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் ஊதுவது தெரியும்.

2. முதல் மிதியில் கீழே போகிறது, இரண்டாம் மூன்றாம் மிதியில் மேலே வந்து கெட்டியாகிறது

பெரும்பாலானவர்கள் இதையும் காற்று என்று நினைக்கிறார்கள். நாங்களும் நினைத்தோம். மேலே வந்த பெடல் கல்லுப் போலக் கெட்டியாக நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அட்ஜஸ்ற்மன்ற்றை. சூவுக்கும் டிரம்முக்கும் இடையில் இடைவெளி கூடினால் முதல் மிதியின் ஒயிலெல்லாம் அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடும்.

மைனரில் முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்ரர் உண்டு, பின்சில்லுக்கு ஒன்று. சில்லின் மூடியைக் கழற்றி, டிரம்மிலுள்ள துளைக்கு நேரே அட்ஜஸ்ரர் வரும்வரை சில்லைச் சுற்ற வேண்டும். ஸ்குறூ டிரைவரால் சில்லு பிடிக்கும்வரை இறுக்கி, பிறகு சில்லு தடையின்றிச் சுற்றும்படி ஒரு பல்லு தளர்த்த வேண்டும். முன்சில்லில் ஒரு அட்ஜஸ்ரரை மட்டும் செய்து மற்றதை மறப்பது வழமையான பிழை.

பின்சில்லில் இன்னொரு விடயம். அங்குள்ள வீல் சிலிண்டர் பின் தகட்டிலுள்ள துளையில் முன்னும் பின்னும் நகர வேண்டும். அப்படி நகர்ந்தால்தான் இரண்டு சூக்களும் பிடிக்கும். வருடக்கணக்காக நின்ற காரில் அது துருவில் இறுகியிருக்கும். ஒரு சூ மட்டும் பிடிக்கும், பெடல் நீளமாகப் போகும், கைப்பிறேக்கும் பலமிழக்கும்.

3. மிதித்துப் பிடித்தால் பெடல் மெதுவாக இறங்குகிறது

முதலில் வெளிக்கசிவு தேடுங்கள். ஒவ்வொரு இணைப்பு, ஹோஸ், டிரம்மின் உட்பக்கம், மாஸ்ரர் சிலிண்டரின் பின்முனை எல்லாவற்றையும் பாருங்கள். சில்லின் உட்பக்கத்தில் ஈரம் இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. இணைப்பில் கசிந்தால் செப்பு வோசரைப் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திருப்பிப் போட்டு மேலும் இறுக்கினால் கசிவு நிற்காது, புரிதான் போகும். புதிதாகப் பைப் செய்திருந்தால் அதன் முனையை விரித்த வடிவம் பழையதைப் போன்றதா என்றும் பாருங்கள். வடிவம் மாறினால் அது ஒருநாளும் சரியாக அமராது.

வெளியே ஒரு துளியும் இல்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்ரர் சிலிண்டருக்குள் ஒயில் வோசரைத் தாண்டிப் பின்னால் போகிறது. எங்கள் காரில் நடந்தது இதுதான். பிஸ்ரன் தினமும் ஓடும் பகுதி மட்டும் பளபளப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். எயார் எடுக்கும்போது பெடலை நிலம்வரை மிதித்தால் வோசர் ஒருநாளும் போகாத அந்தத் துருவுக்குள் போய்க் கிழிபடும். மூன்று நாட்கள் நாங்கள் செய்தது அதைத்தான். எங்கள் முதல் பிரச்சினை வெறும் அட்ஜஸ்ற்மன்ற். அதைக் காற்று என்று நினைத்து மிதித்து மிதித்து, நன்றாக இருந்த மாஸ்ரர் சிலிண்டரை நாங்களே கெடுத்தோம்.

4. எத்தனை போத்தல் விட்டாலும் குமிழி வந்துகொண்டே இருக்கிறது

நிப்பிளின் புரி வழியே காற்று குழாய்க்குள் வரலாம். அது பைப்பில் உள்ள காற்று அல்ல. நிப்பிளைக் கொஞ்சமாக மட்டும் திறந்து பாருங்கள், குமிழியை விடப் பெடலை நம்புங்கள்.

உண்மையாகவே காற்று உள்ளே வருகிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். டிரம் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரின் முனையில் ஒரு சிறிய வால்வு உண்டு. பெடலை விட்ட பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தை வைத்திருப்பது அதன் வேலை. அந்த அழுத்தம்தான் வீல் சிலிண்டரின் வோசர் விளிம்பைச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. திருத்த வேலையில் அந்த வால்வை விட்டுவிட்டாலோ மாறிப் போட்டாலோ, காலை எடுக்கும்போது வோசரைத் தாண்டிக் காற்று இழுபடும். மற்றது பழைய வீல் சிலிண்டரில் குழி விழுந்த சுவர். புதிய வோசர் போட்டாலும் குழிக்கு மருந்தாகாது.

5. நிப்பிளில் ஒன்றுமே வரவில்லை

நிப்பிளை முழுதாகக் கழற்றி அதன் துளையைக் கம்பியால் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். மைனரில் மூன்று ஹோஸ் உண்டு: முன்சில்லுகளுக்கு இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று. நீண்ட காலம் நின்ற காரில் மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

6. பிடித்த பிறேக் விடவில்லை, சில்லு சூடாகிறது

ஒரு சில்லு மட்டும் என்றால் அதன் ஹோஸோ இறுகிய பிஸ்ரனோ காரணம். நிப்பிளைத் திறந்தவுடன் ஒயில் பாய்ந்து சில்லு சுற்றத் தொடங்கினால், ஒயில் திரும்பிப் போக வழியில்லை என்று அர்த்தம்.

எல்லாச் சில்லும் என்றால் மாஸ்ரர் சிலிண்டரைப் பாருங்கள். பெடல் முழுதாக மேலே வந்தபின் தள்ளுகோலுக்கும் பிஸ்ரனுக்கும் இடையில் சிறிய இடைவெளி இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். பெடலைக் கையால் அழுத்தினால் அந்தச் சின்ன ஆட்டம் தெரியும். அது இல்லாவிட்டால் ஒயில் திரும்பும் சிறு துளையை வோசர் மூடியபடி நிற்கும். சூட்டில் விரியும் ஒயிலுக்குப் போக இடமில்லாமல் பிறேக் தானாக இறுகும். எயார் எடுப்பதும் அப்போது ஒழுங்காக நடக்காது. மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

7. கார் ஒரு பக்கம் இழுக்கிறது

இழுக்கும் பக்கம் நன்றாக இருக்கிறது, மற்றப் பக்கம்தான் பிடிக்கவில்லை. அங்கே லைனிங்கில் ஒயிலோ கிறீசோ பட்டிருக்கலாம், சிலிண்டர் இறுகியிருக்கலாம். ஒயிலில் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பாவிக்க முடியாது. இரு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள்.

குறை எங்கே என்று பிரித்தறிய ஒரு வழி

எல்லாம் பார்த்தும் புரியாவிட்டால் மெக்கானிக் ஐயா செய்யும் சோதனை இது. ஹோஸ்கள் புதிதாக இருந்தால் மட்டும் செய்யலாம். வழுவழுப்பான கிளாம்ப்பால் மூன்று ஹோஸையும் மெதுவாக நசுக்கி மூடிவிட்டுப் பெடலை மிதியுங்கள். பல்லுள்ள குறடு வேண்டாம், அது ஹோஸை உள்ளே வெடிக்க வைக்கும்.

மூன்றும் மூடியிருக்கையில் பெடல் மேலேயே கெட்டியாக நின்றால் மாஸ்ரர் சிலிண்டர் நல்லது. பிறகு ஒவ்வொன்றாகத் திறவுங்கள். எதைத் திறக்கும்போது பெடல் கீழே போகிறதோ குறை அந்தப் பக்கம். மூன்றும் மூடிய நிலையிலும் பெடல் அமுங்கினாலோ இறங்கினாலோ குறை மாஸ்ரர் சிலிண்டரிலோ அதிலிருந்து வரும் இரும்புப் பைப்பிலோ இருக்கிறது. நாங்கள் மூன்று நாட்களில் கண்டுபிடிக்காததை இந்தச் சோதனை பத்து நிமிடத்தில் சொன்னது.

கொட்டிலில் நின்ற காருக்கு

இடம்பெயர்வில் விட்டுவந்து, பிறகு மீட்ட வாகனங்கள் பல வீடுகளில் நிற்கின்றன. பெடல் கெட்டியாக இருக்கிறது என்பதற்காக அவற்றை அப்படியே வீதிக்கு எடுக்காதீர்கள். உலர்ந்த வோசர் முதல் நாள் பிடிக்கும், இரண்டாம் கிழமை கைவிடும். ஹோஸ் மூன்றையும் மாற்றி, எல்லாச் சிலிண்டர்களையும் கழற்றிச் சுவரைப் பார்த்து, குழி விழுந்தவற்றை மாற்றுங்கள். இரும்புப் பைப்பில் துரு செதிள் செதிளாகக் கழன்றால் அதையும் மாற்றுங்கள். பழைய ஒயிலை முழுதாக வெளியேற்றி, நிப்பிளில் புதிய நிறம் வரும்வரை கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் அட்ஜஸ்ரர்களைத் தளர்த்திச் சரியான நிலைக்கு விட மறக்காதீர்கள். பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். அசையக்கூடாது. இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்க்கட்டும். பிறகு ஆட்களில்லாத ஒழுங்கையில், நடக்கும் வேகத்தில், ஒரு கையைக் கைப்பிறேக்கில் வைத்தபடி ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலையில் ஒயில் மட்டத்தையும் பெடலையும் மறுபடி பாருங்கள். இரவில் நின்றபோது கசிந்திருந்தால் அப்போது தெரியும். இவ்வளவுக்கும் பிறகுதான் வீட்டார் ஏறலாம்.

மறுபடியும் கடவை

மாஸ்ரர் சிலிண்டரை ஐயா கழற்றியபோது வோசரின் விளிம்பில் நகத்தால் கீறியது போல ஒரு வெட்டு இருந்தது. கையில் எடுத்துக் காட்டினார். "உங்கட கொப்பர் இந்தக் காரிலை எத்தினை சனத்தை ஆசுப்பத்திரிக்கு ஏத்தினவர் தெரியுமே? ஒருநாளும் பிறேக் விட்டதில்லை. பெடலுக்குக் கீழை எப்பவும் ஒரு பனங்கட்டை வச்சுத்தான் எயார் எடுப்பார்" என்றார்.

அந்தக் கட்டையை நாங்கள் கண்டிருந்தோம். கரவெட்டியிலிருந்து காரை இழுத்து வந்த அன்று சாரதி சீற்றுக்குக் கீழே கிடந்தது. குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டோம்.

புதிய சிலிண்டர் பூட்டி, மரத்துண்டு வைத்து எயார் எடுத்து, ஒரு கிழமை நாங்கள் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். எட்டாம் நாள் அம்மா தானாகவே வந்து பின் சீற்றில் ஏறினார். கடவையில் கேற் விழுந்திருந்தது. தம்பி தூரத்திலேயே மிதித்தான். கார் நின்றது. ரயில் போய் முடியும்வரை அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.